உள்ள போற வாசல் இருக்கு, வெளிய வர்ற வாசல் எங்க?

சிங்கப்பூர் பள்ளிக்கூடங்கள்ல எந்த ஆப், எந்த அக்கவுண்ட், எந்த லேப்டாப்னு முடிவு பண்ற எல்லாருக்கும் வணக்கம். கல்வி அமைச்சுல இருக்குறவங்க, பள்ளி முதல்வருங்க, ஐசிடின்னு கம்ப்யூட்டர் விஷயம் பாக்குற டீச்சருங்க, காண்ட்ராக்டுல வந்து பிள்ளைங்க மெஷினுக்கு செட்டிங் போட்டுக் குடுக்குற தம்பிங்க, எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதுறேன். இதுல யாரு படிக்கணுமோ அவங்க கைக்குப் போனா சரி.

நான் ஈசூன்ல இருக்கேன், ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம் முடிக்கப் போறான், சின்னவ இந்த ஜனவரிலதான் செக் ஒன், அதாவது உயர்நிலை ஒண்ணு, போனா. போன உடனே ஸ்கூல்லேருந்து ஐபேட், கீபோர்டு, புது ஈமெயில், ரெண்டு மூணு பாஸ்வேர்டு, அது கூடவே நான் ஒத்துக்கிட்டேன்னு டிக் பண்ணச் சொல்லி ஃபார்ம். பஸ்ஸுல நின்னுக்கிட்டே டிக் டிக்னு தட்டி அனுப்பிட்டேன், உண்மையச் சொல்லணும்ல, ஒரு வரி படிக்கல. ராத்திரி சாப்பிட்டு உக்காந்ததும்தான் ஒரு கேள்வி வந்துச்சு, ஸ்கூல விட்டப்பறம் இந்த அக்கவுண்ட மூடுனா அதுல பிள்ளை வெச்சதெல்லாம் எப்படி வெளிய எடுக்கறதுன்னு. பெரியவனுக்கு நடந்தது ஞாபகம் வந்துச்சு. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

அதுக்கு முன்னாடி நல்லதையும் சொல்லிடுறேன், இல்லாட்டி இந்தம்மா கம்ப்யூட்டரே வேணாங்குதுன்னு நெனச்சுப்பீங்க. 2020 ஏப்ரல் 8, ஊரே பூட்டிக்கிட்டு வீட்டுலேருந்தே பாடம்னு ஆரம்பிச்சப்போ பெரியவன் செக் ஒன், சின்னவ பிரைமரி ஒன், வீட்டுல இருந்தது ஒரே ஒரு பழைய லேப்டாப், அதுலதான் என் வீட்டுக்காரரும் ஆபீஸ் வேல பாக்கணும். எஸ்எல்எஸ்ஸ, அதாவது பிள்ளைங்க ஆன்லைன்ல பாடம் படிக்கற அமைச்சோட தளத்த, 2018லயே எல்லா ஸ்கூலுக்கும் கொண்டு வந்திருந்ததால ஏதோ தப்பிச்சோம். அது இல்லாம இருந்திருந்தா டீச்சருங்க வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பியே செத்திருப்பாங்க. அந்த முதல் வாரமே ஒரு புவியியல் வகுப்புக்குள்ள எவனோ ஜூம் வழியா புகுந்து அசிங்கம் பண்ணப்போ நீங்க சட்டுனு நிறுத்துனீங்க, பாதுகாப்பச் சரி பண்ணி திரும்ப விட்டீங்க. உயர்நிலைப் பிள்ளைங்க எல்லாருக்கும் சொந்த டிவைஸ் 2028க்குள்ளன்னு போட்டிருந்த திட்டத்த 2021 முடியறதுக்குள்ள முடிச்சீங்க, பிள்ளைங்க படிப்புக்கு அரசாங்கம் பணம் போடற எடியூசேவ் கணக்குல 200 வெள்ளியும் போட்டீங்க. என் பையன் செக் டூவுல அப்படித்தான் வாங்குனான். என் சம்பளத்துக்கு அது பெரிய உதவி, அத மறக்கல.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

2022ல பெரியவன் செக் த்ரீ. தமிழ் பாடத்துக்கு ஒரு புரொஜெக்ட், வீட்டுல இருக்குற மூத்தவங்க ஒருத்தர பேட்டி எடுத்து ரெக்கார்ட் பண்ணி எழுதிக் குடுக்கணும். அவன் என் அப்பாவப் பிடிச்சான். அப்பா 1962ல, பதினெட்டு வயசுல, செம்பவாங் நேவல் பேஸ்ல வேலைக்குச் சேந்தவர். 1968 கடைசில பட்டறை வெள்ளைக்காரன் கைய விட்டு செம்பவாங் ஷிப்யார்டா மாறினப்போவும் அங்கயேதான் இருந்தார், அப்புறம் ரிட்டையர் ஆகற வரைக்கும் அதே கேட்டு, அதே சைரன். அவர் வீட்டுல பேசவே மாட்டார். என்கிட்ட மொத்தமா இருபது வாக்கியம் பேசியிருப்பாரான்னு சந்தேகம். பேரன் கேட்டான்னு அன்னிக்கு நாப்பது நிமிஷம் விடாம பேசினார், சமையலறையில நின்னுக்கிட்டு காது குடுத்துக் கேட்டேன், கொழம்பு அடிபிடிச்சிடுச்சு. டிரை டாக்ல தண்ணி எறக்கறது, சோத்து டப்பாவ எறும்பு ஏறாம எங்க தொங்கவிடுவாங்கங்கறது, கான்பரா ரோடு பக்கம் மரத்தடியில முருகனக் கும்பிட ஆரம்பிச்சது, அதுதான் இப்ப ஈசூன்ல பெரிய பாலசுப்பிரமணியர் கோயிலா நிக்குது, பங்குனி உத்திரத்துக்கு ரோடே அடைக்கற அளவுக்கு. எல்லாம் சொன்னார். கடைசில வெள்ளைக்காரன் கொடிய எறக்குன கதைக்கு வந்தப்போ குரல் உடைஞ்சிடுச்சுன்னு பையன் சொன்னான், அந்த எடம் மட்டும் எனக்குக் கேக்கல, அடிபிடிச்ச சட்டியத் தேச்சிட்டிருந்தேன்.

அந்த ரெக்கார்டிங், அவன் தட்டுன நாலு பக்கம், ஓரத்துல தமிழ் டீச்சர் எழுதுன கமெண்ட், எல்லாம் ஸ்கூல் குடுத்த அக்கவுண்டுல கிளவுட்ல இருந்துச்சு. அங்கதான் வெக்கச் சொன்னாங்க, அவனும் வெச்சான். எந்த ஸ்கூல், எந்த அக்கவுண்டுன்னு சொல்லப் போறதில்ல, ஒருத்தர் மேல பழி போடறதுக்கு நான் எழுதல. 2023 முடிவுல ஓ லெவல் எழுதிட்டு வெளிய வந்தான், அடுத்த வருஷம் அக்கவுண்ட் மூடிடுச்சு. போன வருஷம் அப்பாவோட எம்பத்தோராவது பொறந்தநாளுக்கு அந்த குரல எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்னு தேடினா, உள்ளயே போக முடியல. ஸ்கூல்ல கேட்டோம், நல்லாத்தான் பேசினாங்க, நோட்டீஸ் அனுப்பினோமேன்னாங்க. எதுக்கு அனுப்பினாங்க? மூடப் போற அதே ஈமெயிலுக்கு. பெட்டிய பூட்டப் போறோம்னு எழுதி அந்தப் பெட்டிக்குள்ளயே போட்ட மாதிரி. பதினேழு வயசுப் பையன் ஸ்கூல விட்டப்பறம் ஸ்கூல் ஈமெயிலத் தெறந்து பாப்பானா, நீங்களே சொல்லுங்க. எங்க தப்பும் இருக்கு, ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாம், எடுக்கல. ஆனா காப்பி எடுக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்ல. உள்ள போறதுக்கு மூணு பாஸ்வேர்டும் ஒரு மணி நேர பிரீஃபிங்கும் குடுத்தீங்க. வெளிய வர்றதுக்கு ஒண்ணுமில்ல.

அப்பாகிட்ட மறுபடி சொல்லுங்கப்பான்னு கெஞ்சினோம். சொன்னார், ஆனா அது வேற கதை. சோத்து டப்பா இல்ல, கேண்டீன்னு சொல்றார். கொடி எறக்குனப்போ அழுதீங்களாமே தாத்தான்னு பையன் கேட்டதுக்கு, யாரு அழுதா, நான் சிரிச்சேன்டா, வேல போகாம இருந்துச்சேன்னு சிரிச்சேன்னுட்டார். எது நெசம்னு இனிமே எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆதாரம் எங்கயோ ஒரு சர்வர்ல அழிஞ்சு போச்சு.

உங்கள்ல சிலருக்கு இது சின்ன விஷயமா தெரியலாம், ஒரு பிள்ளையோட ஹோம்வொர்க் தானேன்னு. எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துதுன்னா, இந்த மாதிரி எழுத்து காணாம போறத நான் ஏற்கெனவே ஒரு தடவ பாத்தவ. 1998ல எனக்கு இருபது வயசு, சிராங்கூன் ரோட்டுல ஒரு அச்சகத்துல தமிழ் தட்டுற வேல. கல்யாணப் பத்திரிக, கோயில் நோட்டீஸ், கருமாதி அறிவிப்பு, எது வந்தாலும் தட்டுவேன். அப்ப ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஃபாண்டு, ஒரு ஃபாண்டுல அடிச்சது இன்னொண்ணுல தெறந்தா கிறுக்கலா வரும், இங்கிலீஷ் எழுத்தும் கோடும் புள்ளியுமா. டிஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு குறியீடு. எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் எல்லாருக்கும் பழகி வர்றதுக்கு அப்புறம் பல வருஷம் ஆச்சு. அந்த கடை மூடினப்போ நான் ஒரு டப்பா நெறைய ஃபிளாப்பி எடுத்துட்டு வந்தேன், இன்னும் கட்டில் அடியில இருக்கு. தெறக்க மெஷின் இல்ல, மெஷின் கெடச்சாலும் அந்த ஃபாண்டு இல்ல. இருக்கு, ஆனா இல்ல.

இதுல எனக்கு ஒரு தனி வருத்தம் இருக்கு. தமிழ் கம்ப்யூட்டருக்குள்ளயும் இணையத்துக்குள்ளயும் போனதுல இந்த ஊருக்குப் பெரிய பங்கு இருக்கு. தேசியக் கல்விக் கழகத்துல ஆசிரியருங்களுக்குப் பாடம் எடுத்த நா. கோவிந்தசாமி கணியன்ங்கற தமிழ் மென்பொருள செஞ்சவர், 1995ல சிங்கப்பூர் கவிதைங்கள நாலு மொழியில வலையில ஏத்துனப்போ அதுல தமிழையும் ஏத்திக் காட்டுனவர். 1997ல தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இங்கதான், 2000ல உத்தமம்ங்கற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் ஆரம்பிச்சதும் இங்கதான். நீங்க பள்ளிக்கூடங்களுக்கு முதல் ஐடி மாஸ்டர் பிளான் போட்டதும் அதே 1997தான், 200 கோடி வெள்ளி செலவுல. அப்ப பெரியவங்க உக்காந்து சண்ட போட்டதெல்லாம் எதுக்கு? ஒரு எடத்துல எழுதுனது இன்னொரு எடத்துலயும் தெறக்கணும்னுதானே. முப்பது வருஷம் ஆகப் போகுது, அதே கேள்விய என் பையனோட அக்கவுண்டுக்காக நான் கேட்டுட்டு நிக்கிறேன். ஃபாண்டு தெறக்குது இப்ப, கதவுதான் தெறக்கல.

கிளவுடுன்னு பேரு வெச்சதே தப்புன்னு எனக்குத் தோணும். மேல பாத்தா ஏதோ எப்பவும் இருக்கற மாதிரி. அது ஒரு கட்டடம், யாரோ வாடகைக்கு எடுத்தது. 2023 அக்டோபர் 14, சனிக்கெழம, ஒரு டேட்டா சென்டர்ல ஏர்கோன் கோளாறுனால ரெண்டு பேங்கோட சேவை படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? 2024 செப்டம்பர் 10 லோயாங்ல இன்னொரு டேட்டா சென்டர்ல பேட்டரி ரூம்ல தீப்பிடிச்சு அணைக்கறதுக்குள்ள தீயணைப்புக்காரங்க பட்ட பாடு நியூஸ்ல வந்துச்சு. அதுக்கு அஞ்சு வாரம் முன்னாடி, ஆகஸ்ட் 4, பிள்ளைங்க டிவைஸ ஸ்கூல் கட்டுப்படுத்தறதுக்கு வெச்சிருந்த மொபைல் கார்டியன் ஆப்புல எவனோ நொழஞ்சு 26 உயர்நிலைப் பள்ளிகள்ல கிட்டத்தட்ட 13,000 பிள்ளைங்க டிவைஸ தூரத்துலேருந்தே தொடச்சு விட்டான். எங்க வீட்டுல யாருக்கும் ஆகல. ஆனா நோட்ஸ் எல்லாம் போச்சுன்னு பரீட்ச நெருங்கற நேரத்துல பிள்ளைங்க பொலம்புனதப் படிச்சப்போ வயிறு கலங்குச்சு. அந்த ஆப்ப நீங்க எல்லா மெஷின்லேருந்தும் எடுத்தீங்க, சரிதான். அதே வருஷம் ஏப்ரல்ல 127 பள்ளிகளோட பெத்தவங்க, டீச்சருங்க பேரும் ஈமெயிலும் வெளிய போயிருந்ததையும் நீங்களே சொன்னீங்க, மறைக்கல.

இதுலேருந்து கிளவுடே வேணாம்னு சொல்லல நான், அது முட்டாத்தனம். மெஷின் தொடச்சுப் போனாலும் வேற எடத்துல காப்பி இருந்திருந்தா நோட்ஸ் தப்பிச்சிருக்கும். அதான் பாயிண்டே. ஒரே எடத்துல இருக்கறது எதுவும் பத்திரமில்ல, அது கையில இருந்தாலும் சரி கிளவுட்ல இருந்தாலும் சரி. எங்க பாட்டி நெல்லு வெதைய மூணு பானையில வெப்பாளாம், ஒண்ணுல வண்டு விழுந்தாலும் மத்தது இருக்கும்னு. ஸ்கூல் குடுக்கற பானை ஒண்ணு. இன்னொரு பானை எங்க வீட்டுல இருக்கணும், அதுல எப்படிக் கொட்டறதுன்னு சொல்லிக் குடுங்க, அவ்ளோதான் நான் கேக்கறது.

எப்படின்னு கேப்பீங்க. வருஷக் கடைசில, லீவு விடறதுக்கு முந்தின வாரம், பிள்ளைங்கள வகுப்புலயே உக்கார வெச்சு ஒரு பீரியட்ல அவங்கவங்க வேலைய எறக்கி ஒரு தம்ப் டிரைவ்லயோ வீட்டு அக்கவுண்டுலயோ போட வைங்க. பழைய காலத்துல வருஷக் கடைசில ஃபைல வீட்டுக்குக் குடுத்து அனுப்புவாங்கல்ல, ஓவியம் எல்லாம் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, அதே மாதிரிதான். எறக்கும்போது சும்மா லிங்கா வராம, வேற மெஷின்லயும் தெறக்கற ஃபைலா வரட்டும். தமிழுக்கு இது ரொம்ப முக்கியம், சில ஆப்புலேருந்து பிடிஎஃப்பா எடுத்து அதுலேருந்து காப்பி பண்ணினா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும், “கொ” இருக்கற எடத்துல பூச்சி மாதிரி ஏதோ நிக்கும், நான் தட்டச்சு வேல பாத்தவ, எனக்குத் தெரியும். வாங்கறதுக்கு முன்னாடி யாராவது ஒரு தமிழ் டீச்சர விட்டு ஒரு பக்கம் தட்டி, எறக்கி, வேற கம்ப்யூட்டர்ல தெறந்து பாக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேல.

அப்புறம் அக்கவுண்ட் மூடற தேதி. அது முதல் நாளே, அந்த டிக் பண்ற ஃபார்ம்லயே இருக்கணும், கடைசி நாள் அந்த பிள்ளைக்கு மட்டும் போற ஈமெயில்ல இல்ல. ஸ்கூல் பெத்தவங்களுக்குச் சேதி அனுப்பற பேரண்ட்ஸ் கேட்வே ஆப் 2019லேருந்து எங்க போன்ல இருக்கு, கேம்புக்கு கையெழுத்து, தடுப்பூசிக்கு கையெழுத்து எல்லாம் அதுலதான் வருது, “உங்க பிள்ளையோட அக்கவுண்ட் இந்தத் தேதி மூடும், அதுக்குள்ள எடுத்துக்குங்க”ன்னு ஒரு வரி அதுல வந்தா ஆகாதா? அதையும் தமிழ், மலாய், சீனத்துலயும் போடுங்க. எனக்கு இங்கிலீஷ் ஓரளவு ஓடும், ஆனா எத்தன வீட்டுல பகல்ல பிள்ளையப் பாத்துக்கறது தாத்தா பாட்டி, அவங்களுக்கு டேட்டா ரிட்டென்ஷன் பாலிசின்னு எழுதுனா என்ன புரியும். “எவ்ளோ நாள் வெச்சிருப்போம், எப்ப அழிப்போம்”னு எழுதுங்க, எனக்கும் அதுதான் புரியும்.

சட்டம் தெரிஞ்ச ஒரு சொந்தக்காரர்கிட்ட கேட்டேன். தனியார் கம்பெனிங்களுக்கு 2012ல வந்த பிடிபிஏங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அரசாங்க அமைப்புங்களுக்கு அது இல்ல, 2018ல வந்த வேற சட்டம்னு விளக்கினார். பாதி புரிஞ்சுது. ஆனா அந்த பிடிபிஏவையே 2020ல திருத்தினப்போ, நம்ம டேட்டாவ ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டு போற யோசனையும் எழுத்துல ஏறிடுச்சுன்னாரு. போன் நம்பர மாத்தாம கம்பெனி மாறறோம்ல, அந்த மாதிரி. பெரியவங்களுக்கு அந்த யோசனை வந்துடுச்சுன்னா பிள்ளைங்களுக்கு ஏன் வரக்கூடாது, சட்டம் கட்டாயப்படுத்தற வரைக்கும் காத்திருக்கணுமா என்ன?

சின்னவளுக்கு இன்னொரு கூத்து நடந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். ஐபேட் வந்த முதல் வாரம் தமிழ் ஹோம்வொர்க், தட்டி அனுப்பணும். தமிழ் கீபோர்ட சேக்கலாம்னு செட்டிங்ல போனா பூட்டி வெச்சிருக்கு. அவ என் போன வாங்கி இங்கிலீஷ் எழுத்துல ஒலிய அடிச்சா தமிழ் வர்ற அஞ்சல் கீபோர்டு முறையில தட்டி, தனக்குத் தானே ஈமெயில் பண்ணி, அங்க எடுத்து ஒட்டினா. ஒரு வாரத்துல ஸ்கூல்லேருந்து சரி பண்ணிட்டாங்க, நல்லவங்க. ஆனா நாலு அதிகாரத்துவ மொழியில ஒண்ணு, பிள்ளைங்க கையில குடுக்கறதுக்கு முன்னாடியே அதுல இருந்திருக்க வேணாமா? பிள்ளை என்ன கேட்டுச்சு தெரியுமா, “தமிழ்ல தட்டறது டேஞ்சராம்மா, அதான் லாக் பண்ணிருக்காங்களா”ன்னு. சிரிச்சேன், அப்புறம் சிரிப்பு வரல.

ஐபேட் ராத்திரி பத்தரைக்கு தானா தூங்கிடுது இப்ப, இந்த வருஷம் முன்னவிட அரை மணி நேரம் சீக்கிரம் பண்ணிருக்கீங்க, அது சூப்பர். எங்க வீட்டுலயே நேரத்துக்குத் தூங்கற ஒரே ஆள் அதுதான்.

டீச்சருங்களுக்கும் ஒரு வார்த்த. அவங்க பாடம், ஒர்க்‌ஷீட், பசங்க வேலைக்கு எழுதுற கமெண்ட் எல்லாமும் இந்த மாதிரி அக்கவுண்டுலதான் கெடக்கு. ஒரு டீச்சர் வேற ஸ்கூலுக்கு மாறினா, வேலைய விட்டா, இத்தன வருஷம் சேத்த தமிழ் பாடப் பொருளெல்லாம் என்ன ஆகுது? இங்கிலீஷுக்கு ஆயிரம் எடத்துல கெடைக்கும், நம்ம டீச்சருங்க சொந்தமா எழுதுன கதையும் கேள்வியும் வேற எங்க கெடைக்கும். 2024ல டீச்சருங்க சொந்த போன் நம்பர் குடுக்க வேணாம், ஸ்கூல் நேரத்துக்கு அப்புறம் மெசேஜுக்கு பதில் சொல்ல வேணாம்னு அமைச்சு சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, நானும் ராத்திரி ஒம்போது மணிக்கு மெசேஜ் போட்டு தொல்ல குடுத்தவதான். இந்த எறக்கற வேலையையும் அவங்க தலையில கூடுதலா கட்டிடாதீங்க, அதுக்குன்னு ஒரு ஆளும் ஒரு நாளும் ஒதுக்கிக் குடுங்க.

அடுத்த மாசம் சின்னவ ஸ்கூல்ல பேரண்ட்ஸ் பிரீஃபிங் இருக்கு. நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன். இவ அக்கவுண்ட் எந்த தேதி மூடும், அதுல இருக்கறத எப்படி வீட்டுக்குக் கொண்டு வர்றதுன்னு கைய தூக்கிக் கேப்பேன். மேடையில இருக்கறவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம பாவமா முழிக்கக் கூடாது, அதுக்குத்தான் முன்கூட்டியே எழுதிட்டேன்.

அவளும் செக் த்ரீ போகும்போது இதே புரொஜெக்ட் வரும். அப்பாகிட்ட இப்பவே சொல்லி வெச்சேன். மூணாவது தடவையும் சொல்றேன், ஆனா இந்தத் தடவ ஃபிளாப்பியில எடுங்கன்னார்.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அம்மா, ஈசூன்